பாப்பா பேசணும்னா நாம கொஞ்சம் சும்மா இருக்கணும்!

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குத் திருப்பூர்ல இருந்து தங்கச்சி போன். "அக்கா, இவனுக்கு இந்த மாசத்தோட 22 மாசம் முடியுது. 'அம்மா', 'தா', 'பூ'. பூன்னா பூனை. இந்த மூணைத் தாண்டி ஒண்ணும் வரல. எதிர் வீட்டுப் பாப்பா இவனைவிட ரெண்டு மாசம் சின்னது, என்னைப் பார்த்து 'ஆன்ட்டி டாட்டா'ங்குது. எனக்கு வயித்தைக் கலக்குது"ன்னா. அவ பேசுறப்பவே பின்னாடி சீரியல் பாட்டு. அதுக்கும் பின்னாடி அவ மாமியார் குரல்: "இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். சும்மா கிட!"

நான் டாக்டர் இல்ல, ஸ்பீச் தெரபிஸ்டும் இல்ல. ரெண்டு பிள்ளை வளர்த்தவ. மூத்தவன் விஷயத்துல கிட்டத்தட்ட ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவ. அப்புறம் தெரபி ரூம் வாசல் பெஞ்சுல மாசக்கணக்கா உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுகிட்டதுதான் இதெல்லாம். தங்கச்சிகிட்ட அன்னிக்குச் சொன்னது, போனை வெச்சப்புறம் 'அடடா, இதைச் சொல்லலையே'ன்னு நெனைச்சது, ரெண்டையும் சேர்த்து எழுதுறேன். படிக்கிற நீயும் எனக்குத் தங்கச்சி மாதிரிதான். அதனால 'நீ'ன்னே பேசுறேன்.

1. முதல்ல காது, அப்புறம்தான் வாய்

வயித்துல ஆறாவது மாசம் இருக்கறப்பவே குழந்தைக்குக் காது கேக்க ஆரம்பிச்சிடும். பொறந்த ரெண்டு மூணு நாள்லயே வேற பொம்பளைங்க குரலுக்கு நடுவுல அம்மா குரல் எதுன்னு அதுக்குத் தெரியும். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வெச்சதைத்தான் ஒரு வயசு சுமாருக்கு வார்த்தையா திருப்பிக் கொடுக்குது. உள்ள போறது குறைஞ்சா வெளிய வர்றதும் குறையும்.

என் மூத்தவனுக்கு ரெண்டு வயசுல நாலஞ்சு வார்த்தைதான். "காது கேக்குதா பாத்தியா?"ன்னு யாராவது கேட்டா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். குக்கர் விசில் அடிச்சா திரும்புறானே! பட்டாசு வெடிச்சா ஓடி வந்து காலைக் கட்டிக்கிறானே! முதல்ல பார்த்த டாக்டரும், "ஆம்பளைப் பிள்ளை, மூணு வயசு வரைக்கும் பாருங்க"ன்னுட்டார். நாங்களும் பார்த்தோம். ரெண்டே முக்கால் வயசுல இன்னொருத்தர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். மாசா மாசம் சளி பிடிச்சுப் பிடிச்சு ரெண்டு செவிப்பறைக்குப் பின்னாடியும் நீர் கோத்துக் கிடந்துச்சு. குக்கர் விசில் அவனுக்குக் கேட்டிருக்கு. "சாமி, சாப்பிட வா"ன்னு நான் மெதுவா கூப்பிட்டது கிணத்துக்குள்ள முங்கிக்கிட்டுக் கேக்கிற மாதிரி கேட்டிருக்கு.

அதனால, பின்னாடி நின்னு தட்டைத் தட்டிப் பார்க்கிறதெல்லாம் டெஸ்ட் இல்லம்மா. குறைவா கேக்கிற குழந்தையும் பெரிய சத்தத்துக்குத் திரும்பும். நிழல் ஆடினாகூடத் திரும்பும். பேச்சைப் பிடிக்கணும்னா மெல்லிய சத்தமும் கேக்கணும்.

பொறந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. காதுல சின்னதா ஒரு கருவியை வெச்சுப் பார்ப்பாங்க. வலி இல்ல, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். அதுல சந்தேகம் வந்தா பெரா டெஸ்ட். குழந்தை தூங்கறப்ப தலையில ஒயர் ஒட்டி, சத்தம் காதுல இருந்து மூளை வரைக்கும் ஒழுங்கா போகுதான்னு பார்க்கிறது. இதுக்கு டாக்டருங்க 1-3-6னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 1 மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட், 3 மாசத்துக்குள்ள குறை உண்டா இல்லையான்னு உறுதி, 6 மாசத்துக்குள்ள சிகிச்சை. பொறக்கிற ஆயிரம் குழந்தையில ஒண்ணுல இருந்து மூணு குழந்தைக்குப் பொறவியிலயே கேட்கும் குறை இருக்கு. அதனால இது யாரோ எவரோ வீட்டுக் கதை இல்ல.

குறை மாசத்துல பொறந்து இங்குபேட்டர்ல இருந்த குழந்தை, காமாலை ரொம்ப ஏறின குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, கர்ப்பத்துல அம்மாவுக்கு ரூபெல்லா வந்திருந்த குழந்தை, இவங்களுக்கெல்லாம் காது டெஸ்டைத் தள்ளிப் போடவே கூடாது. அத்தை பையன், மாமா பொண்ணுன்னு சொந்தத்துக்குள்ள கட்டினவங்க, குடும்பத்துல காது கேக்காதவங்க இருக்கிறவங்க வீட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான்.

2. வசம்பும் சேனையும்

என் மாமியார் வீட்டுல வசம்புக்குப் 'பேர் சொல்லாதது'ன்னு பேரு. விளக்கு வெச்சப்புறம் அதை வசம்புன்னு சொல்லக் கூடாது. நானும் அதைச் சுட்டு, உரசி, தேன்ல குழைச்சு ஆறு மாசம் மூத்தவன் நாக்குல தடவினேன். பேர் சொல்லாததை வெச்சுப் பேர் சொல்ல வைக்கப் பார்த்தவ நான்!

வசம்பு தடவினா பேச்சு வரும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. அதுல இருக்கிற பீட்டா-அசரோன்ங்கிற பொருள் உடம்புக்கு ஆகாதுன்னு அமெரிக்காவுல 1968லயே வசம்பைச் சாப்பாட்டுல சேர்க்கத் தடை போட்டுட்டாங்க. தேனும் அப்படித்தான். ஒரு வயசுக்குள்ள குழந்தை நாக்குல தேன் படவே கூடாது. பாட்டுலிசம்னு ஒரு நோய் வரும், உயிருக்கே ஆபத்து. பொறந்ததும் சேனை வைக்கணும்னு பெரியவங்க ஆசைப்பட்டா, அவங்க விரலைப் பிள்ளை கையில பிடிச்சுக்கக் கொடு. ஆசி அதுலயே வந்து சேரும்.

அப்புறம் 'நாக்கு ஒட்டியிருக்கு'ங்கிற பேச்சு. நாக்குக்கு அடியில இருக்கிற சவ்வு சில குழந்தைக்குக் குட்டையா இருக்கும். அதனால பால் குடிக்கிறது கஷ்டமாகலாம், சில எழுத்து சரியா வராம போகலாம். ஆனா பேச்சே வராததுக்கு அது காரணமாகறது இல்ல. அறுக்கணுமான்னு டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்ல வேண்டாம்.

"அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்"ங்கிறதுல உண்மை இருக்கு. பேச்சு தாமதம் குடும்பத்துல ஓடும். பையன்கள் சராசரியா பொண்ணுங்களைவிடக் கொஞ்சம் பின்னாடி வர்றதும் உண்மைதான். ஆனா சர்க்கரை வியாதி குடும்பத்துல ஓடுதுன்னா சீக்கிரமா டெஸ்ட் பண்றோமா, லேட்டா பண்றோமா? இதுக்கும் அதே நியாயம்தான்.

3. எந்த மாசம் எதைப் பார்க்கணும்

எதிர் வீட்டுப் பாப்பாவோட ஒப்பிடாதே. ஆனா மாசக் கணக்கை மறக்காதே. கர்ப்பத்துல கொடுத்தாங்களே, தாய் சேய் அட்டை, அதுலயே வளர்ச்சிப் படிகள் போட்டிருக்கும். பீரோவுல இருந்து எடுத்துப் பாரு.

• 2, 3 மாசத்துல 'ஆ', 'ஊ'ன்னு கொஞ்சணும்.
• 6 மாசத்துல சத்தம் வர்ற பக்கம் திரும்பணும்.
• 9 மாசத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பார்க்கணும். 'மாமாமா', 'பாபாபா'ன்னு அடுக்கணும்.
• ஒரு வயசுல டாட்டா காட்டணும். அம்மாவையோ அப்பாவையோ ஏதாவது ஒரு பேர்ல கூப்பிடணும். 'வேணாம்'னா கொஞ்சம் தயங்கணும்.
• 15 மாசத்துல வேணுங்கிறதை விரல் நீட்டிக் காட்டணும்.
• 18 மாசத்துல அம்மா, அப்பா தவிர மூணு வார்த்தையாவது முயற்சி பண்ணணும். கை காட்டாம 'பந்தை எடு'ன்னு வாயால மட்டும் சொன்னாலும் புரியணும்.
• ரெண்டு வயசுல 'பால் தா', 'அப்பா வா'ன்னு ரெண்டு வார்த்தை சேரணும்.
• ரெண்டரை வயசுல சுமார் 50 வார்த்தை.

இதுல விரல் நீட்டுறதை லேசா நெனைக்காதே. "அதோ பாரு, காக்கா"ன்னு விரலால சொல்ற குழந்தை பாதிப் பேச்சைப் பேசியாச்சு. உன்கிட்ட ஒரு விஷயத்தைக் காட்டணும்னு அதுக்குத் தோணியிருக்கு. அந்த எண்ணத்துக்கு மேலதான் வார்த்தை ஏறி உட்காரும். விரல் நீட்டல, கண்ணைப் பார்க்கல, கூப்பிட்டா திரும்பல, பேசிக்கிட்டிருந்த வார்த்தையும் காணாம போச்சு, இப்படி எது இருந்தாலும் வயசு எதுவானாலும் அந்த வாரமே டாக்டர்கிட்ட போ.

எழுத்துச் சுத்தம் வேற கணக்கு. ம, ப மாதிரி உதட்டு எழுத்து முதல்ல வரும். அம்மா, அப்பா, மாமா, பாப்பான்னு நம்ம உறவுப் பேரெல்லாம் உதட்டாலயே செஞ்சிருக்கிறதைக் கவனிச்சியா? ர, ற, ழ எல்லாம் கடைசியில வரும். மூணு வயசுல 'ரயிலு' 'லயிலு'ன்னு வந்தா பயப்படாதே. ழகரம் பெரியவங்களுக்கே தகராறு. மூணு வயசுல வெளி ஆளுக்கு முக்கால்வாசி புரிஞ்சா போதும்.

4. மொபைலுக்கு முகம் இல்ல

கனடாவுல ஜானெட் வெர்கர்னு ஒரு பேராசிரியை 1984ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. இங்கிலீஷ் பேசுற வீட்டுக் குழந்தைங்களுக்கு இந்தி 'த'வையும் 'ட'வையும் போட்டுக் காட்டினாங்க. நம்ம 'பத்து', 'பட்டு' மாதிரியான வித்தியாசம்தான். இங்கிலீஷ்ல அந்த வித்தியாசம் கிடையாது. ஆனா 6, 8 மாசக் குழந்தைங்க ரெண்டையும் பிரிச்சுக் கண்டுபிடிச்சுச்சு. 10, 12 மாசம் ஆனதும் பெரும்பாலான குழந்தைங்களால முடியல. முதல் வருஷம் முடியறதுக்குள்ளயே, தன்னைச் சுத்தி எந்தச் சத்தம் பொழங்குதோ அதுக்குக் காது தயாராயிடுது. 'இன்னும் பேசவே இல்லையே, இதுகிட்ட என்ன பேசுறது'ன்னு நாம சும்மா இருக்கிற வருஷம்தான் அது.

இன்னொண்ணு கேளு. அமெரிக்காவுல பேட்ரிசியா கூல்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2003ல வெளியிட்டது. 9 மாசக் குழந்தைங்களுக்குச் சீன மொழி. ஒரு கூட்டத்துக்கு ஆள் நேர்ல வந்து 12 தடவை விளையாட்டு, புத்தகம்னு பேசினாங்க. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனா டி.வி.யில. நேர்ல கேட்ட குழந்தைங்க சீன எழுத்தோட சத்தத்தைப் பிடிச்சுக்கிச்சு. டி.வி.யில பார்த்த குழந்தைங்க ஒண்ணுமே கத்துக்கல.

ஏன்னா மொபைல் குழந்தையைப் பார்க்காது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினப்ப, குழந்தை 'ஆ'ன்னா நாம 'ஆமாண்டா தங்கம், நிலா'ன்னோம். அது கையை ஆட்டினா நாமளும் ஆட்டினோம். இப்ப மொபைலைக் காட்டி ஊட்டறப்ப ஸ்பூன் போகுது, வாய் திறக்குது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை போறதும் இல்ல, வர்றதும் இல்ல. ரைம்ஸ் பார்த்து ஏ-பி-சி-டி முழுசா ஒப்பிக்கிற குழந்தை, தாகம் எடுத்தா 'தண்ணி'ன்னு கேக்கத் தெரியாம அழறதை நான் அந்த வாசல் பெஞ்சுலயே பார்த்திருக்கேன்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021ல சொன்ன கணக்கு, ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம், ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். வெளியூர்ல இருக்கிற தாத்தா பாட்டிகிட்ட அப்பப்ப வீடியோ கால் பேசினா தப்பில்ல, அதுல பதில் சொல்ல ஆள் இருக்கு.

யாரும் பார்க்காம ஓடுற டி.வி.யும் கணக்குல சேரும். அது ஓடுறப்ப நாமளே பிள்ளைகிட்ட பேசுறது குறைஞ்சு போகுது. தங்கச்சிகிட்ட முதல்ல சொன்னது, "அந்த டி.வி.யை அமத்திட்டு வந்து பேசு"ங்கிறதுதான். ஆனா ஒண்ணு, மொபைல் கொடுத்ததாலதான் ஆட்டிசம் வந்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பி உன்னையே நீ குத்திக்காதே. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில இருக்கிற வித்தியாசம், அம்மாவோட தப்பு இல்ல.

5. வீட்டுல தினமும் செய்ய வேண்டியது

தனியா நேரம் ஒதுக்க வேண்டாம். சமைக்கிறப்ப, குளிப்பாட்டுறப்ப, துணி மடிக்கிறப்ப நடக்கிற வேலைதான் இது.

*கீழ உட்காரு.* நின்னுக்கிட்டுப் பேசினா குழந்தைக்கு உன் முழங்கால்தான் தெரியும். தரையில உட்கார்ந்து, உன் உதடு அது கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி பேசு. குரலை இழுத்து, ஏத்தி இறக்கி, மெதுவா கொஞ்சிப் பேசுறோமே, அது அசட்டுத்தனம் இல்ல. அந்தப் பேச்சைத்தான் குழந்தைக் காது தேடிப் பிடிக்குது. 'மம்மு', 'பாச்சி', 'ஜோஜோ' எல்லாம் தாராளமா சொல்லு. கூடவே "மம்மு சாப்பிடலாமா? சூடா சோறு!"ன்னு நிஜப் பேரையும் போட்டு வை.

*தோசைக்கல்லுக்கு வர்ணனை சொல்லு.* "மாவு ஊத்தறேன். சொய்ங்! வட்டமா வருது. திருப்பிப் போடலாமா? டப்!" இவ்வளவுதான். குழந்தைக்கு முதல்ல ஒட்டுறது இந்தச் சத்த வார்த்தைங்கதான். அதுக்குத் தமிழ்ல பஞ்சமா? மழை சலசல, வண்டி குடுகுடு, இடி டமடம. காக்காவுக்குப் பேரே அது கத்தற சத்தம்தான்.

*ஓரெழுத்துல ஆரம்பி.* வா, போ, தா. ஒரே எழுத்துல முழு வேலையும் சொல்ற வார்த்தைங்க நம்மகிட்ட இருக்கு. பந்தை உருட்டி 'போ', திரும்பி வந்தா 'வா', கையை நீட்டி 'தா'. பேர்ச் சொல்லா மட்டும் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்காதே. மூணு நாலு வினை கைவசம் இருந்தாத்தான் 'அம்மா வா', 'பால் தா'ன்னு ரெண்டு வார்த்தை சேரும்.

*ஒண்ணு சொன்னா ஒண்ணு கூட்டு.* குழந்தை 'கார்'னா நீ 'சிவப்பு கார்'. 'பூ'ன்னா 'ஆமா, பூனை! பூனை தூங்குது'. 'அப்படிச் சொல்லாதே, பூனைன்னு சொல்லு'ன்னு திருத்தாதே. சரியான வார்த்தை அது காதுல விழுந்தா போதும்.

*ரெண்டுல ஒண்ணு கேளு.* 'பால் வேணுமா?'ன்னு கேட்டா தலையை ஆட்டிட்டுப் போயிடும். ஒரு கையில பால், ஒரு கையில வாழைப்பழம், 'பாலா, பழமா?'ன்னு கேட்டா வாய் வேலை செய்யணும். விரலை நீட்டினாலும் சரி, 'பழம்! இந்தா பழம்'னு கொடுத்திடு. சொன்னாத்தான் தருவேன்னு பட்டினி போடாதே.

*பரீட்சை வைக்காதே.* விருந்தாளி வந்ததும், "ஆன்ட்டிக்கு யானை எப்படிக் கத்தும்னு சொல்லிக் காட்டு, சொல்லு, சொல்லு!" பாவம், நம்மளை யாராவது இப்படி நடுக்கூடத்துல நிறுத்திக் கேட்டா நமக்கே நாக்கு ஒட்டிக்கும்.

*பழைய விளையாட்டை விடாதே.* உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, கடைசியில கையில ஊர்ற நண்டு கக்கத்துல போய்க் கிச்சுகிச்சு மூட்டுமே, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நண்டு முழங்கைகிட்ட வந்ததும் ஒரு நொடி நிறுத்து. குழந்தை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உன் முகத்தைப் பார்க்கும். 'ம்ம்'னு இழுக்கும், இல்லன்னா தானே தோளைத் தூக்கும். 'அடுத்தது சொல்லு'ன்னு உன்கிட்ட பேசுது. தாலாட்டும் இதே ஜாதிதான். 'தால்'னா நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுறதாலதான் அதுக்குத் தாலாட்டுன்னு பேரு.

*படம் பாருங்க.* ஆறு மாசத்துல இருந்தே புத்தகம் காட்டலாம். கடிச்சாலும் கிழிச்சாலும் விடு. சென்னை தூலிகா பதிப்பகத்துல நல்ல தமிழ்ப் படப் புத்தகங்கள் இருக்கு. காசு செலவு பண்ண வேண்டாம்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதைங்க இலவசம், பிரிண்ட் எடுத்துக்கோ. அதுவும் இல்லையா, கல்யாண ஆல்பம் போதும். "இது யாரு? தாத்தா! தாத்தா வேட்டி பாரு"ன்னு ஒரு மாசம் ஓட்டலாம்.

6. அஞ்சு செகண்ட் சும்மா இரு

எல்லாத்தையும்விடக் கஷ்டமானது இது. தெரபிஸ்ட் அம்மா முதல் நாள் என்னையும் பையனையும் உட்கார வெச்சு, "நீங்க பாட்டுக்கு விளையாடுங்க"ன்னு சொல்லிட்டு ஓரமா உட்கார்ந்து பார்த்தாங்க. பத்து நிமிஷம் கழிச்சு, "பதினெட்டு கேள்வி கேட்டீங்க. பதினெட்டுக்கும் நீங்களே பதில் சொல்லிட்டீங்க"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு.

'பந்து எங்க? பந்து எங்க? இதோ பந்து!' இதுல குழந்தைக்கு இடம் எங்க இருக்கு? கேட்டதை உள்ள வாங்கி, வார்த்தையைத் தேடி, வாய்க்குக் கொண்டு வர அதுக்கு நேரம் வேணும். ஒரு தடவை சொல்லு. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் மெதுவா எண்ணு. முகத்தைப் பார்த்துக்கிட்டே இரு. அந்த அஞ்சு செகண்ட் அஞ்சு நிமிஷம் மாதிரி இருக்கும். சத்தமோ, கையோ, கண்ணோ ஏதோ ஒண்ணு பதிலா வரும். அதைப் பிடிச்சுக்கிட்டு நீ அடுத்ததைச் சொல்லு. பேச்சு வளர்றது இப்படி மாறி மாறி வர்றதுலதான். கொட்டுற வார்த்தை எத்தனைங்கிறதைவிட, குழந்தைக்கும் உனக்கும் நடுவுல எத்தனை தடவை போய் வந்துச்சுங்கிறதுதான் முக்கியம்.

இங்கதான் கூட்டுக் குடும்பத்துல ஒரு சிக்கல். பாட்டி தண்ணி டம்ளரோட ரெடியா நிப்பாங்க, அத்தை பிஸ்கட்டோட. குழந்தைக்கு வாயைத் திறக்க வேலையே இல்ல. இதுல என்னைப் போல அக்காங்களும் குற்றவாளிங்கதான். சின்ன வயசுல இந்தத் தங்கச்சிக்கு எல்லாமே நான்தான் பேசுவேனாம். "அவளுக்கு முறுக்கு வேணுமாம்." "அவளுக்குத் தூக்கம் வருதாம்." அம்மா ஒரு நாள் என் வாயைப் பொத்தி, "அவளைக் கேட்டேன்டி"ன்னாங்களாம். உன் வீட்டுல மூத்தது இருந்தா அதையே உனக்கு அசிஸ்டென்டா வெச்சுக்கோ. "நீ கேளு, தம்பி என்ன சொல்றான்னு பார்ப்போம்"னு சொல்லு. அப்பாவுக்கும் வேலை கொடு. தெருமுனை வரைக்கும் தூக்கிட்டுப் போய் பஸ், மாடு, டீக்கடைன்னு பேசிட்டு வரட்டும். மொபைலை வீட்டுலயே வெச்சுட்டுப் போகணும், அது முக்கியம்.

7. தமிழா, இங்கிலீஷா?

ரெண்டு மொழி கேட்டா குழந்தை குழம்பிடும், பேச்சு லேட்டாகும்னு சொல்றது தப்பு. வீட்டுல தமிழ், பாட்டி வீட்டுல தெலுங்கு, பக்கத்து வீட்டுல இந்தின்னு வளர்ற குழந்தைங்க எத்தனை! அந்தக் குழந்தைக்கு வார்த்தை எண்ணுறப்ப எல்லா மொழியையும் கூட்டி எண்ணணும். தெலுங்கு 'நீரு' ஒண்ணு, தமிழ் 'தண்ணி' ஒண்ணு, மொத்தம் ரெண்டு.

தப்பு எங்க வருதுன்னா, ஸ்கூல் இன்டர்வியூவை நெனைச்சுக்கிட்டு, நமக்கே சரளமா வராத மொழியில குழந்தைகிட்ட பேசுறப்ப. "பேபி, கம், ஈட் பண்ணு, குட் பாய்." அதோட சரக்குத் தீர்ந்து போச்சு. அதையே தமிழ்ல பேசினா ரசம், ரசத்துல மிதக்கிற தக்காளி, அதை நேத்து மார்க்கெட்ல வாங்கினது, மார்க்கெட்ல பார்த்த ஆடுன்னு பத்து நிமிஷம் தானா ஓடும். உனக்குக் கோவம், கொஞ்சல், கிண்டல் எல்லாம் எந்த மொழியில வருதோ அந்த மொழியில பேசு. வீட்டுல ஒரு மொழியில வேரூன்றின குழந்தைக்கு இங்கிலீஷ் அப்புறம் சுலபமா வரும்.

8. எங்க போகணும்?

முதல்ல குழந்தை டாக்டர். அவர் வழியா ஈ.என்.டி., காது டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட், அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட். காசை நெனைச்சு நின்னுடாதே. 2013ல ஆரம்பிச்ச தேசியச் சிறார் நலத் திட்டத்துல மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைங்களைப் பார்க்கணும். அங்கன்வாடி டீச்சர்கிட்டயோ, கிராம சுகாதார செவிலியர்கிட்டயோ 'எப்ப வர்றாங்க'ன்னு கேளு. அவங்க அனுப்பி வைக்கிற இடம் அரசு ஆஸ்பத்திரியில இருக்கிற மாவட்ட இடையீட்டு சேவை மையம். டி.இ.ஐ.சி.ன்னு கேட்டாலே காட்டுவாங்க. காது, பேச்சு, நடை எல்லாத்துக்கும் அங்க இலவசமா பார்ப்பாங்க. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கு. மைசூருல பேச்சு, கேட்டலுக்குன்னே அகில இந்திய நிறுவனம் இருக்கு. காது கேக்காத சின்னக் குழந்தைங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்பிளாண்ட் ஆபரேஷனும் செய்யறாங்க. எவ்வளவு சின்ன வயசுல செய்யறாங்களோ அவ்வளவு நல்லது.

தனியார் தெரபி சென்டருக்குப் போனா, கூச்சப்படாம ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளு. இந்தியப் புனர்வாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணினவங்கதான் இந்த வேலை பார்க்கலாம். 'மூணு மாசத்துல பேச வெச்சிடறோம், கேரண்டி'ன்னு போர்டு வெச்சிருந்தா அப்படியே திரும்பி வந்திடு. உன்னையும் உள்ள உட்கார வெச்சு, வீட்டுல என்ன செய்யணும்னு சொல்லித் தர்ற இடம்தான் நல்ல இடம். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் அவங்க, மீதி நேரமெல்லாம் நீதானே?

'ப்ளே ஸ்கூல்ல போடு, நாலு குழந்தையைப் பார்த்தா பேசிடும்'பாங்க. போடு, நல்லதுதான். ஆனா டெஸ்டை முடிச்சிட்டுப் போடு.

மூத்தவனுக்கு இப்ப பன்னெண்டு வயசு. வாய் மூடாம பேசுறான், நான்தான் காதைப் பொத்திக்கிறேன். தங்கச்சி பையனுக்குப் போன வியாழக்கிழமை காது டெஸ்ட் முடிஞ்சுது. காதுல குறை இல்ல. தெரபிஸ்ட்கிட்ட போக ஆரம்பிச்சிருக்காங்க. டி.வி. சாயங்காலம் அமந்து கிடக்குதாம். மாமியாரே பருப்பு கடைஞ்சு விளையாட்டுக் காட்டுறாங்களாம்.

குழந்தை பதில் சொல்ல அஞ்சு செகண்ட் பொறுத்திரு. டாக்டர்கிட்ட போறதுக்கு ஆறு மாசம் பொறுத்திருக்காதே. சந்தேகம் இருந்தா, இதைப் படிச்சு முடிச்ச கையோட காது டெஸ்டுக்கு டோக்கன் போட்டுடு, கண்ணு.